மூன்று முறை கழன்ற குழாய்

அத்தியாயம் ஐந்து

குழாய் நான்காவது முறை கழன்றால் அதைத் திரும்பப் போட வழியில்லை என்று டாக்டர் சுஹரா சொன்னபோது, பொறிஞ்சு தின்றுகொண்டிருந்த பழம்பொரியை, அந்த வாழைப்பழ பஜ்ஜியை, பாதியில் நிறுத்தினான். சாப்பாட்டு விஷயத்தில் அவன் எதையும் பாதியில் நிறுத்துகிறவன் இல்லை. எதிர் நாற்காலியில் இருந்த வத்சலா வாரியர் அதைக் கவனித்து, விஷயம் பெரியது என்று முடிவு செய்தாள்.

திருச்சூரில் துப்பறியும் நிலையம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. வருகிற வழக்குகளில் பாதி காணாமல் போன யானைச் சங்கிலி, மீதி காணாமல் போன மாப்பிள்ளை. வத்சலா கண்ணூர்க்காரி. ஒல்லி, உயரம், யோசிக்கும்போது காதிலிருக்கும் தோட்டைத் திருகுவாள். பொறிஞ்சு திருச்சூரிலேயே பிறந்து, திருச்சூரிலேயே பருத்தவன். அவள் கேள்வி கேட்பாள். அவன், யாரும் கேட்காததற்கெல்லாம் பதில் சொல்வான்.

"ஒரு கதவு வழியா உள்ள போகணும்னு வெச்சுக்குங்க" என்றாள் டாக்டர். "ஒரு தடவை தள்ளினா திறக்கும். திரும்பத் திரும்ப இடிச்சா நிலையே வீங்கிப் போயிடும். தொண்டையும் அப்படித்தான்."

நோயாளியின் பெயர் கிழக்கேப்பாட்டு சங்குண்ணி நாயர். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் சளி கட்டி, மூச்சு முட்டி வந்தார். வாய் வழியாகக் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் இணைத்தார்கள். நன்றாகத் தேறிக்கொண்டு வந்தபோது ஒரு நாள் மாலை குழாய் வெளியே கிடந்தது. உடனே மாட்டினார்கள். சில நாளில் மறுபடியும் கழன்றது. இந்த முறை தொண்டை வீங்கியிருந்தது, மாட்டும்போது எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி, புதிதாகக் காய்ச்சல் வந்தது. மூன்றாவது முறை டாக்டர் திரும்பத் திரும்ப முயல வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்குள் ரத்தத்தில் பிராணவாயு இறங்கி, நாயரின் இதயம் தொடர்ந்து வேலை செய்யலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தது. பிறகு, போனால் போகிறது என்று ஒப்புக்கொண்டது.

"அடுத்த தடவை யோசிக்காது, நின்னுடும்" என்றாள் டாக்டர்.

அதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. மூன்று முறையும் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டவள் பெட்ஸி என்ற நர்ஸ். அவள்தான் அலட்சியமாக இருந்தாள், இல்லையென்றால் அவளே ஏதோ செய்தாள் என்று மருத்துவமனையின் மேனேஜர் பேச ஆரம்பித்திருந்தார். டாக்டர் அதை நம்பவில்லை. யார் காரணம் என்று தெரியாதவரை நாயரின் உயிருக்கு உத்தரவாதம் தர முடியாது என்பதால்தான் இவர்களை வரவழைத்திருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுடுச்சு" என்றான் பொறிஞ்சு. "ஆளு கண்டக்டர். கனவுல பஸ் ஓடுது. ஸ்டாப் வருது. கையைத் தூக்கி மணிக்கயிறை இழுக்கறார். அது டியூபா இருக்கு."

"அப்போ மூணு ஸ்டாப்தான் வந்திருக்கா இத்தனை நாள்ல?" என்றாள் வத்சலா.

"லிமிடெட் ஸ்டாப் பஸ், சேச்சி."

*

தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாமே மெதுவாகப் பேசின. இயந்திரங்கள்கூட ஒன்றுக்கொன்று ரகசியம் சொல்வதுபோல் கீச்சிட்டன. நாயர் நடுக்கட்டிலில் கிடந்தார். வாயில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. குழாயிலிருந்து ஒரு வெள்ளை நெளிகுழாய் கிளம்பி, அவருடைய வலது தோளின் மேலாகப் படுத்து, பக்கத்திலிருந்த வென்டிலேட்டருக்குப் போனது. ஏதோ கடல்பிராணி அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்திலேயே காத்திருப்பதுபோல் இருந்தது.

பெட்ஸி இடுக்கிப் பெண். அழுது முடித்த முகம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பார்வையாளர் நேரத்தில் அவர் விழித்திருக்கட்டும் என்று மயக்க மருந்தைக் குறைப்பார்கள். மணிக்கட்டுகளைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருப்பார்கள். இறுக்கிக் கட்டினால் அவர் மனைவி தாட்சாயணியம்மா அழுவதால், கொஞ்சம் தளர்வாக. மூன்று முறையும் அவள் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பிய சமயத்தில்தான் நடந்தது.

வத்சலா குனிந்து வலது மணிக்கட்டுத் துணியைப் பார்த்தாள்.

"குழாய் எங்க கிடந்துச்சு? நெஞ்சு மேலயா?"

"இல்ல மேடம். அதுதான் விசித்திரம். மூணு தடவையும் அந்த சலைன் ஸ்டாண்ட் மேல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. தலைக்கு மேல."

வத்சலா தோட்டைத் திருகினாள். தொண்டையில் உறுத்துவதைப் பிடுங்குகிறவன் கையை மடக்கி வாய்ப்பக்கம் கொண்டுபோவான். பிடுங்கியதை மடியில் போடுவான். இந்தத் துணியோ மேல்பக்கமாக இழுபட்டு நைந்திருந்தது. யாரோ இந்தக் கையை வானத்தை நோக்கி எறிந்திருக்கிறார்கள். தோளில் கிடந்த நெளிகுழாய் அதோடு சேர்ந்து போயிருக்கிறது.

"நான்தான் சொன்னேனே, மணிக்கயிறு" என்றான் பொறிஞ்சு.

நாயரின் காதுகளில் சின்ன இயர்போன் இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப்பெட்டி. பழகிய சத்தங்களைக் கேட்டால் மனம் தடுமாறாது என்று டாக்டர்தான் அனுமதித்திருந்தாள். தாட்சாயணியம்மா பக்திப் பாட்டுகள் போட்டு வைத்திருக்கிறார் என்றாள் பெட்ஸி. வத்சலா ஒரு காதிலிருந்து எடுத்துக் கேட்டாள். பாட்டு ஒன்றும் வரவில்லை. தூரத்தில் யாரோ மரக்கதவைத் தட்டிவிட்டு, திறக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருப்பதுபோல், இடைவெளி விட்டு விட்டு ஓர் அடி. பாட்டு ஆரம்பிக்கும் முன் இப்படித்தான் போலும் என்று நினைத்துத் திரும்ப வைத்துவிட்டாள்.

பிறகு அந்த மூன்று நாளும் யார் பார்க்க வந்தார்கள் என்று கேட்டாள். பெட்ஸிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தாட்சாயணியம்மா கோயிலுக்குப் போகிற நாட்களில் அவருக்குப் பதிலாக நாயரின் நண்பர் லோனப்பன் வருவார். மூன்று நாளும் அவர்தான். இன்றும் அவர்தான் வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"நண்பரா?" என்றாள் வத்சலா.

பெட்ஸி தயங்கினாள். போன பூரத் திருவிழாவின்போது கோயில் வாசலில் ஊரே பார்க்க லோனப்பன் நாயரின் சட்டையைப் பிடித்து, 'ஒரு நாள் உன்னை அசைய முடியாம படுக்க வைப்பேன்டா' என்று கத்தியதாகத் தாட்சாயணியம்மா சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர்மேல் பழி போட முடியாது. அவர் போய், ஒரு சினிமாவில் இடைவேளை வருகிற அளவுக்கு நேரமான பிறகுதான் ஒவ்வொரு முறையும் குழாய் கழன்றது.

"எப்படி இருக்கார் பாருங்க இந்த லோனப்பன்" என்றான் பொறிஞ்சு படியிறங்கும்போது. "மிரட்டறது ஒரு வருஷம் முன்னாடி, கொலை பண்றது வீட்டுக்குப் போன பிறகு. நேரம் காலமே தெரியாத ஆளு."

"கடை எங்க?"

"ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்ல. லோனப்பன் பேக்கரி. நான் தின்ன பழம்பொரி அங்க வாங்கினதுதான்" என்றான். அதற்குப் பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டே நடந்தான்.

*

பேக்கரியில் கூட்டம் இருந்தது. டீ கிளாஸ்களோடு பத்துப் பதினைந்து பேர், ஆட்டோ ஓட்டுநர்கள், நோயாளிகளுக்குத் துணை வந்தவர்கள், மருந்துக்கடைப் பையன்கள். மூலையில் ஒரு ஸ்பீக்கரில் செண்டை மேளம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் எல்லோருடைய கால்களும் ஒரே மாதிரி தட்டின. பொறிஞ்சுவின் காலும் கொஞ்ச நேரத்தில் அதில் சேர்ந்துகொண்டது.

லோனப்பன் குள்ளம், வழுக்கை, காதோரம் மாவு. நாயரின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து வத்சலாவுக்குக் குழப்பமாக இருந்தது. கொலைகாரர்கள் அப்படி மலர்வதில்லை. குழாய் கழன்றதெல்லாம் அவருக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டாள். ஏதோ சின்னத் தடங்கல் என்று மட்டும் தாட்சாயணியம்மா சொன்னாராம்.

"அசைய முடியாம படுக்க வைப்பேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்." லோனப்பன் சிரித்தார். "முழுசா சொல்லலையா உங்ககிட்ட? 'அசைய முடியாம படுக்க வெச்சு, எங்க மேற்குக்கரை மேளத்தை முழுசா கேக்க வைப்பேன்டா'ன்னு சொன்னேன்."

கரை என்றால் இங்கே ஊரின் ஒரு பகுதி. சங்குண்ணி நாயர் கிழக்குக்கரை. லோனப்பன் மேற்குக்கரை. பூரத்தில் இரண்டு கரைக்கும் இரண்டு மேளம். பால்ய காலத்திலிருந்து நண்பர்கள், ஆனால் மேற்குக்கரை மேளம் ஆரம்பித்தால் நாயர் போய் வேர்க்கடலை வாங்குவார். நின்று கேட்ட ஒன்றிரண்டு தடவையும் கையை மார்பில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது என்றார் லோனப்பன்.

"இப்போ ஓட முடியாதில்ல? போன தடவையெல்லாம் போகும்போது அந்தப் பக்திப் பாட்டை நிறுத்திட்டு எங்க மேளத்தைப் போட்டுட்டு வந்தேன். இன்னைக்கும்தான். அதே நொடியில என் போன்லயும் போட்டுக்குவேன். அப்படியே கேட்டுக்கிட்டு நடந்து வந்து, இங்க ஸ்பீக்கர்ல மாட்டிடுவேன். அவன் அங்க, நான் இங்க. ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு கேக்கற மாதிரி."

கடைசி வாக்கியத்தை அவர் கல்லாவைப் பார்த்தபடி சொன்னார்.

வத்சலா ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். கேட்க முடியவில்லை. மேளம் ஒரு மலையேறுவதுபோல் இறுகி, வேகம் பிடித்து, உச்சியில் ஒரே அடியாக உடைந்தது. அந்தக் கணம் பேக்கரியிலிருந்த அத்தனை வலது கைகளும் வானத்தை நோக்கிப் பறந்தன. ஆட்டோக்காரர்களின் கைகள், மருந்துப் பையன்களின் கைகள், லோனப்பனின் மாவுக்கை. பொறிஞ்சுவின் கையும் பறந்தது. அதில் டீ கிளாஸ் இருந்ததால் டீயும் பறந்து, வத்சலாவின் சேலையில் வந்து இறங்கியது.

"மன்னிச்சுக்குங்க சேச்சி, கலாசம், அதான் இந்த உச்சி அடி, வந்தா கை நம்ம பேச்சு கேக்காது" என்றான் அவன், துடைக்கக் காகிதம் தேடிக்கொண்டே. "திருச்சூர்க்காரனைக் கல்லறையில வெச்சாலும்…"

அவன் நிறுத்திக்கொண்டான். அன்று இரண்டாவது முறை. வத்சலா ஈரச் சேலையோடு அசையாமல் நின்றாள். வலது கை. மேலே. தலைக்கு மேல் தொங்கிய குழாய். பார்வையாளர் போய் வெகுநேரம் கழித்து. அந்த இயர்போனில், மரக்கதவைத் தட்டுவதுபோல் ஆரம்பித்து…

"இந்த மேளம் உச்சிக்குப் போக எவ்வளவு நேரமாகும்?" என்றாள்.

"பாண்டி மேளம் மேடம். மெதுவாத்தான் பழுக்கும். இப்போ வந்தது சின்னக் கலாசம். இனிமேதான் பெருசு வரணும்." லோனப்பன் சொல்லிக்கொண்டே வந்து, அவள் முகத்தைப் பார்த்து நின்றார். "என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். மூன்று வாக்கியங்கள்தான். லோனப்பனின் முகத்தில் மாவு மட்டும் மிச்சமிருந்தது.

*

பொறிஞ்சு போன் போட்டான். தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரும் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவமனையின் பொது எண்ணோ, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது என்று இனிமையாகச் சொல்லி, புல்லாங்குழல் வாசித்துக் காட்டியது. முக்கியமானவனை இவ்வளவு நேரம் காக்க வைத்தால் சாதாரண ஆளை என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டே அவன் ஓடினான்.

வத்சலா முன்னால் ஓடினாள். லோனப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய போன் அவர் சட்டைப்பையில் கிடந்து முழங்கியது. அதை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. மேலே, நாயரின் காதில், மேளம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற கடிகாரம் அது ஒன்றுதான். ரோட்டைக் கடக்கும்போது மேளம் வேகம் பிடித்தது. கேட்டைத் தாண்டும்போது தாளங்கள் நெருங்கின. படிக்கட்டில் கொம்பு வாத்தியங்கள் முழங்க ஆரம்பித்தன.

"இன்னும் எவ்வளவு?" என்று வத்சலா திரும்பாமல் கேட்டாள்.

"ஒரு சின்னது இருக்கு. அப்புறம் பெருசு." லோனப்பனுக்கு மூச்சு வாங்கியது. "கர்த்தாவே, அவனைக் காப்பாத்து. அடுத்த பூரத்துக்கு நானே கிழக்குக்கரைக்குக் குடை பிடிக்கறேன்."

"வேண்டுதல் பெருசா இருக்கே" என்றான் பொறிஞ்சு. "குறைச்சுக் கேளுங்க, கிடைக்கும்."

இரண்டாம் மாடியில், கதவுக்கு முன்னால், காவலாளி நின்றிருந்தார். பெரிய மீசை. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்வதற்காகவே பிறந்தவர். வலது கையைக் குறுக்கே நீட்டி வழியை அடைத்தார். விளக்கிச் சொல்ல நேரமில்லை. வத்சலா திணறிய அந்த நொடியில் லோனப்பனின் சட்டைப்பையில் சின்னக் கலாசம் வந்தது.

காவலாளியின் முகம் மாறவே இல்லை. கை மட்டும் ரயில்வே கேட் மாதிரி மேலே போயிற்று. அதன் அடியில் மூவரும் குனிந்து நுழைந்து ஓடினார்கள்.

உள்ளே டாக்டர் சுஹரா கடைசிக் கட்டிலில் இருந்தாள். பெட்ஸி மருந்து எடுக்கத் திரும்பியிருந்தாள். நடுக்கட்டிலில் நாயரின் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டிருந்தன. மணிக்கட்டு துணிக்குள் துடித்தது. துணியின் முடிச்சு மெல்ல நழுவியது.

வத்சலா ஒரு கணம் யோசித்தாள். கையைப் பிடிப்பதா? நூறு பூரம் பார்த்த கை அது, அவள் பிடிக்கு நிற்காது. இழுபறியில் குழாய் போய்விடும். கையை விட்டுவிட்டு நெளிகுழாயைப் பிடித்தாள். தோளிலிருந்து தூக்கித் தன் பக்கம் வளைத்து, நாயரின் வாயருகே குழாயை மற்றொரு கையால் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"சிஸ்டர், இதை வந்து பிடிங்க. கையை விட்டுடுங்க. போகட்டும்."

பெரிய கலாசம் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, லோனப்பனின் பையில். உள்ளே, யாருக்கும் கேட்காமல், நாயரின் காதில். முடிச்சை உதறிக்கொண்டு அந்த மெலிந்த கை விருட்டென்று மேலே போனது. வெறுங்கையாக, எதையும் இழுக்காமல், கூரையைப் பார்த்து விரிந்து நின்றது. மறுபடி இறங்கி, அடுத்த அடிக்கு மறுபடி ஏறியது. வெளியே லோனப்பனின் கையும் ஏறியது. அவர் அழுதுகொண்டே எறிந்தார். பொறிஞ்சு தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேளம் முடிந்தது. குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. கடல்பிராணி அமைதியாக மூச்சு விட்டது.

*

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். லோனப்பனைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரச்சொல்லி நாலு வார்த்தை திட்டினாள். அவர் தலைகுனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். நண்பனைக் கொல்லப் பார்த்த பாவி நான் என்றார். அந்தக் குழந்தை பெட்ஸியின் வேலைக்கும் உலை வைத்தேன் என்றார். எந்தத் தண்டனையும் ஏற்கிறேன் என்றார். பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"மூணு தடவையும் கையைத் தூக்கினானா, டாக்டரே?"

"அதையா இப்போ கேக்கறீங்க?"

"இல்ல… சரியான இடத்துலதானா? முன்னப் பின்ன இல்லாம?"

டாக்டர் மறுபடி திட்ட வாயெடுத்தாள். அதற்குள் வத்சலா தோட்டைத் திருக ஆரம்பித்திருந்தாள்.

"அவர் கேட்டது நல்ல கேள்வி டாக்டர். நீங்க இவ்வளவு நாளும் இவரைப் பத்தி என்ன நினைச்சீங்க?"

புத்தி தடுமாறிக் கையை வீசுகிறார் என்று நினைத்ததாக டாக்டர் சொன்னாள். தீவிர சிகிச்சையில் பலருக்கு அப்படி ஆகும். அதனால் ஒவ்வொரு முறையும் மயக்க மருந்தைக் கூட்டினாள். மருந்து கூடினால் சொந்த மூச்சு குறையும், இயந்திரத்தில் இன்னும் சில நாள் இருக்க வேண்டிவரும், குழாயும் தொடரும்.

"புத்தி தடுமாறினவன் எப்போ வேணும்னாலும் கையை வீசுவான்" என்றாள் வத்சலா. "இவர் ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரு அடிகூட விடாம எண்ணிக்கிட்டு, சின்னக் கலாசத்துக்குக்கூட அசையாம, அந்தப் பெரிய அடிக்கு மட்டும் தூக்கறார். நான் பேக்கரியில நின்னு கேட்டேன், எனக்கு எண்ணத் தெரியல. இவர் நம்ம எல்லாரையும்விடத் தெளிவா இருக்கார்."

டாக்டர் கட்டிலருகே போனாள். பிறகு நாயரின் காதிலிருந்து இயர்போனை எடுத்தாள். குனிந்து, நான் பேசுவது கேட்டால் என் விரலை அழுத்துங்கள் என்றாள். நாயர் அழுத்தினார். தலையைத் தூக்குங்கள் என்றாள். தூக்கினார். கண்ணைத் திறந்து, டாக்டருக்குப் பின்னால் நின்ற லோனப்பனைப் பார்த்து, உடனே மூடிக்கொண்டார்.

"அப்படின்னா," என்றாள் டாக்டர் மெதுவாக, "கழலக்கூடாதுன்னு நான் காவல் வெச்ச டியூபை நானேதான் கழட்டணும்."

*

அவள் அவசரப்படவில்லை. மயக்க மருந்தை நிறுத்தினாள். தொண்டை வீக்கத்துக்கு மருந்து கொடுத்தாள். இயந்திரத்தின் உதவியைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தாள். மறுநாள் காலை, தேவைப்பட்டால் கழுத்தில் வழி செய்ய ஒரு சர்ஜனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். குழாயைச் சுற்றித் தொண்டைக்குள்ளிருந்த சின்னக் காற்றுப்பையைச் சுருக்கிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். குழாயின் ஓரமாகக் காற்று சீறியது. நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணாடிக்கு வெளியே வத்சலா, பொறிஞ்சு, தாட்சாயணியம்மா, லோனப்பன். மேனேஜரும் வந்து நின்றார். பெட்ஸி உள்ளே, கட்டிலருகே. அவள்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாள்.

குழாய் வெளியே வந்தது. நாயர் இருமினார். திரையில் பிராணவாயுவின் எண் இறங்கியது. இன்னும் இறங்கியது. லோனப்பன் சிலுவைக் குறி போட்டார், பக்கத்திலிருந்த தாட்சாயணியம்மா குருவாயூரப்பனைக் கூப்பிட்டார், பொறிஞ்சு இரண்டு பேருக்கும் சேர்த்து ஆமென் சொன்னான். எண் ஓரிடத்தில் நின்றது. யோசித்தது. பிறகு, போனால் போகிறது என்று ஏற ஆரம்பித்தது.

யாருடைய உதவியும் இல்லாமல் சங்குண்ணி நாயர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வென்டிலேட்டர் வேலையில்லாமல் நின்றது.

வெகுநேரம் பொறுத்துப் பார்த்த பிறகே டாக்டர் லோனப்பனை உள்ளே விட்டாள். தொண்டை புண்ணாக இருக்கிறது, ஒரே ஒரு வாக்கியம்தான் பேசலாம் என்று நாயரிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

லோனப்பன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். கேட்கவும் கேட்டார். நாயர் பார்த்துக்கொண்டே இருந்தார். லோனப்பனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"எங்க மேளம் எப்படிடா இருந்துச்சு?"

நாயர் நீண்ட நேரம் யோசித்தார். கையிலிருக்கும் ஒரே சில்லறையை எந்தக் கடையில் கொடுப்பது என்று பார்க்கிறவரைப்போல. பிறகு, உடைந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"கொம்பு… கொஞ்சம்… பிந்துச்சு."

"அப்போ எதுக்குடா மூணு தடவை கையைத் தூக்கினே? நேத்தோட நாலு தடவை?"

நாயர் டாக்டரைச் சுட்டிக் காட்டினார். பிறகு தன் தொண்டையைக் காட்டினார். அனுமதி முடிந்துவிட்டது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். லோனப்பன் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாதபடி வெளியே போனார்.

வத்சலாவும் கிளம்பினாள். தேநீர்க் கறை போகுமா என்று சேலையைப் பார்த்தபடி வாசல்வரை வந்தபோது, உள்ளேயிருந்து பெட்ஸி தலையை நீட்டி, பொறிஞ்சுவை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள். அவளுக்குக் கவலையாக இருந்தது. நாயர் அவள் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு விரலால் ஏதோ தட்டிக்கொண்டே இருக்கிறாராம். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்று கேட்டால் தலையை ஆட்டி மறுக்கிறாராம். தன் கையில் அப்படியே தட்டிக் காட்டினாள்.

பொறிஞ்சு கண்ணை மூடிக் கவனித்தான். கடைசி அடியில் அவன் கை லேசாக எழும்பியது. பிடித்துக்கொண்டான்.

"அவருக்கு ஒண்ணும் வேணாம் சிஸ்டர். இது மேற்குக்கரை மேளம்." குரலைத் தாழ்த்தினான். "லோனப்பன் சேட்டன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சந்தோஷத்துல அவருக்கு டியூப் போட வேண்டி வரும்."